குளம் தூர்வார மூணு சமயத்தாரையும் சேர்த்த அனுபவம் யாருக்காவது இருக்கா?

உப்புக்காற்று:

எல்லாருக்கும் வணக்கம். வேதாரண்யம் பக்கம் கடலோரத்துல ஒரு சின்ன ஊர் எங்களுது. 14 வருஷமா மகளிர் குழு நடத்திக்கிட்டு வர்றேன். ஊர் நடுவுல ஒரு குளம் இருக்கு. தெக்குக் கரையில மாரியம்மன் கோயில், மேக்கால கூப்பிடு தூரத்துல பள்ளிவாசல், வடக்கே மாதா கோயில். மூணு வாசல்ல நின்னாலும் அந்தக் குளம்தான் கண்ணுல படும்.

எங்க மண்ணு மணல். மேல நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணி. நான் கல்யாணமாகி வந்தப்போ கை பம்பு தண்ணியிலதான் சோறு வடிப்போம். இப்போ பங்குனி பொறந்தாலே கரிக்க ஆரம்பிச்சுடுது. பருப்பு வேகுறதுக்குள்ள கேஸ் தீர்ந்துடும் போல இருக்கு. டீக்குப் பால் ஊத்தினா திரியுது. குடம் 12 ரூபாய்க்கு வேன் தண்ணி வாங்குறோம். கூலி வேலைக்குப் போற வீட்ல ஒரு நாளைக்கு மூணு குடம்னு வெச்சுப் பாருங்க. குளமோ பாதி தூர்ந்து, காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கு. அதுல தண்ணி நின்னாத்தான் சுத்துப்பட்டுக் கிணறெல்லாம் இனிக்கும்னு பெரியவங்க சொல்வாங்க. மழையும் முன்ன மாதிரி இல்லை. ஒரே நாள்ல கொட்டுது, அப்புறம் மாசக்கணக்கா இல்லை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 2018 நவம்பர் 16, கஜா புயல் ராத்திரி. எங்க ஓடு பறந்து, தென்னை எல்லாம் சாய்ஞ்சு, விடிஞ்சு பார்த்தா தெருவே அடையாளம் தெரியலை. அன்னைக்குப் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி காய்ச்சுற அண்டா வந்துச்சு, மாரியம்மன் கோயில் ஜெனரேட்டர் வந்துச்சு, மாதா கோயில் ஸ்கூல் வராண்டாவுல அடுப்பு மூட்டினோம். ஈர விறகு. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிஞ்சுது. 19 நாள் ஒரே அடுப்பு. யாரு எந்தத் தெருன்னு ஒருத்தரும் கேக்கலை. அந்த 19 நாளை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அந்த நெனப்புலதான் போன மாசம் குளம் தூர்வாரக் கூட்டம் போட்டேன். மூணு கூட்டம் நடந்துச்சு. முதல் கூட்டத்துல பூமி பூஜை போட்டுத்தான் மண்வெட்டி வைக்கணும்னு ஒரு பேச்சு. ஜமாஅத் பசங்க ஒதுங்கி நின்னாங்க. ரெண்டாவது கூட்டத்துல எல்லாரும் சேர்ந்து ஒரு பொதுப் பிரார்த்தனைன்னு சொன்னேன், அது யாருக்குமே ஒப்பலை. மூணாவது கூட்டம், பேர்ப்பலகையில யார் பேர் முதல்லன்னு ஒரு மணி நேரம் போச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

மூணு சமயத்தாரும் சேர்ந்து இந்த மாதிரி வேலை செஞ்ச ஊர் இருக்கா? எங்கே இருந்து ஆரம்பிச்சீங்க?

---

கீழத்தஞ்சை_ஜமாஅத்:

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம் சகோதரி. எங்க மஹல்லாவுல ஆறு வருஷம் செயலாளரா இருந்தவன் நான். உங்க மூணு கூட்டத்தையும் படிச்சப்போ எங்க ஊர் கூட்டத்தையே பார்த்த மாதிரி இருந்துச்சு.

பொதுப் பிரார்த்தனையை விட்டுடுங்க. அது நல்ல எண்ணம்தான், ஆனா ஒவ்வொருத்தருக்கும் தொழுகை, பூஜை, ஜெபம்னா அதுக்குள்ள ஒரு முறை இருக்கு. அதைக் கலக்கச் சொன்னா நல்ல மனுஷனும் தயங்குவான். அவங்கவங்க இடத்துல அவங்கவங்க சொல்லட்டும். சொல்ற விஷயம் மட்டும் ஒண்ணா இருந்தா போதும்.

எங்க பள்ளியில நடந்ததைச் சொல்றேன். தண்ணி விஷயமா எங்க இமாம் ஹஜ்ரத்தைப் பயான் (பிரசங்கம்) பண்ணச் சொன்னோம். ஓடுற ஆத்தங்கரையில உட்கார்ந்து ஒளு (தொழுகைக்கு முன்ன கை, முகம், கால் கழுவுறது) செஞ்சாலும் தண்ணியை வீணாக்காதேன்னு நபி (ஸல்) அவர்கள் சொன்னதா ஹதீஸ் இருக்கு. அவங்க ஒரு முத்து அளவு தண்ணியில ஒளு செஞ்சாங்க, அதாவது ரெண்டு கையும் சேர்த்து அள்ளுற அளவு, முக்கால் லிட்டர்கூட வராது. ஹஜ்ரத் இதைச் சொன்னார், எல்லாரும் தலையாட்டினாங்க, குழாய் பழையபடி ஓடுச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை குழாய்க்கு அடியில ஒரு வாளி வெச்சோம். அவ்வளவுதான் செஞ்சோம். ஒருத்தர் ஒளு முடிச்சு எழுந்தா வாளி முக்கால்வாசி நிறைஞ்சிருக்கு. அளந்து பார்த்தா 7 லிட்டர். அவர் முகத்தைப் பார்க்கணும் நீங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. அடுத்த வாரமே குழாய்த் திருகை மாத்த வசூல் ஆரம்பிச்சுட்டாங்க. ஒளு தண்ணி போற சாக்கடையைத் திருப்பி பின்னால வாழைக்கு விட்டோம், இப்போ ரமலான்ல கஞ்சிக்கு வர்ற பிள்ளைகளுக்கு அந்தத் தார்தான்.

கண்ணுல அளவு தெரியணும் சகோதரி. உங்க குளத்துக்கும் அப்படி ஒண்ணு கண்டுபிடிங்க. பேர்ப்பலகை தானா மறந்துபோகும்.

---

மண்வெட்டி:

அக்கா, நான் கிராமக் குளங்கள் தூர்வார்ற வேலையில இருக்கேன், சிவில் படிச்சவன். பாய் சொன்னதுதான் சரி. அதோட கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லணும். இதுல தப்பு நடந்தா ஊரே கஷ்டப்படும்.

கடலோரக் குளத்தை ஆழமா வெட்ட விடாதீங்க! கான்ட்ராக்டர் வந்தா பொக்லைனை இறக்கி ஆழமாப் போகத்தான் பார்ப்பார், மண்ணுக்குக் காசு. உங்க ஊர்ல நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல எண்ணெய் மாதிரி மிதந்துக்கிட்டு இருக்கு. நல்ல தண்ணி மட்டம் கடல் மட்டத்தை விட 1 அடி உசந்து நின்னா, அடியில சுமார் 40 அடிக்கு உப்பைத் தள்ளிப் பிடிக்கும்னு கணக்கு. மேல 1 அடி இறங்கினா கீழ உப்பு அவ்வளவுக்கு ஏறி வரும். பெரியவங்க சொன்ன ‘குளம் நின்னா கிணறு இனிக்கும்’ இதுதான். கடல் மட்டம் உசந்துக்கிட்டே வர்ற காலத்துல உங்க ஊருக்கு இருக்கிற ஒரே அணை இந்தக் குளம். வண்டலை மட்டும் எடுங்க, பழைய அடித்தளம் வந்ததும் நிறுத்துங்க. தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கும். வெட்டுறப்போ ஊறுற தண்ணியைத் தொட்டுப் பாருங்க. குடிக்க 500-க்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும்னு தரக்கட்டுப்பாடு சொல்லுது. எண் திடீர்னு ஏறுச்சுன்னா வண்டியை நிறுத்திடணும்.

வரத்து வாய்க்காலை முதல்ல பாருங்க. குளத்தை வெட்டிட்டு வாய்க்காலை விட்டா வெறும் பள்ளம்தான் மிஞ்சும்.

அப்புறம் அந்தப் பேர்ப்பலகை. கிராம சபையில தீர்மானமா கொண்டு வாங்க. ஆகஸ்ட் 15 ஒண்ணு, அக்டோபர் 2 ஒண்ணு இருக்கு. தீர்மானம் ஊராட்சி பேர்ல வந்துட்டா அது ஊர் வேலை, யார் பேர் முதல்லங்கிற பேச்சே எழாது. வண்டல் எடுக்கிறதுக்கும் இப்போ தாசில்தார் அளவுலயே அனுமதி கிடைக்கும், விவசாயிங்க வயலுக்கு அடிச்சுக்கிட்டா தூர்வார்ற செலவும் குறையும். பலகை வைக்கிற இடத்துல ஒரு அளவுகல் நடுங்க. அடி, அங்குலம் போட்டு வெள்ளையடிச்சு, குளத்துக்குள்ள. ஒவ்வொரு வாரமும் அந்த எண்ணை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம், ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம், செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் மைக்குல சொல்லச் சொல்லுங்க. மூணு இடத்துலயும் ஒரே கல்லோட எண்.

---

தாம்பரத்துக்காரன்:

மன்னிக்கணும், ஒரு சந்தேகம். இது நல்ல வேலைதான். ஆனா இதைப் பருவநிலை நடவடிக்கைன்னு சொல்லலாமா? புகை விடுறவங்க வேற யாரோ. இந்தியாவுல ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, அமெரிக்காவுல சுமார் 14 டன். குடம் தண்ணிக்கு 12 ரூபாய் குடுக்கிற அம்மா அதுல 1 டன்கூட விட்டிருக்க மாட்டாங்க. அவங்களைப் போய் உலகத்தைக் காப்பாத்துன்னு சொல்றது எனக்கு வலிக்குது. சாமி பேரைச் சொல்லி பொறுப்பு முழுசையும் ஏழைங்க தலையில இறக்கி வைக்கிற மாதிரி ஆயிடக் கூடாது.

---

உப்புக்காற்று:

தம்பி, நீங்க கேட்டது நியாயம். நான் உலகத்தைக் காப்பாத்தக் கிளம்பலை. புகை விட்டது நாங்க இல்லைங்கிறதும் தெரியும். ஆனா புயல் எங்க ஓட்டைத்தான் பிச்சுக்கிட்டுப் போச்சு, உப்பு எங்க அடுப்புலதான் ஏறுது. மத்தவங்க திருந்துற வரைக்கும் எங்க பிள்ளைங்க குடிக்கத் தண்ணி வேணும். கேள்வி கேக்குறதையும் விடலை. போன பங்குனியில ஒரு அலுவலகத்துக்கு நாலு தடவை மனுவோட போய்ட்டு வந்தேன். மூணு சமயத்தாரும் கையெழுத்துப் போட்டிருந்தா அந்த மனுவை அப்படி ஒதுக்கியிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

---

களப்புக்கரை:

மட்டக்களப்பிலிருந்து எழுதுறன் அக்கா. உங்கட கடலும் எங்கட கடலும் ஒண்டுதானே. 2004 சுனாமியில எங்கட கரையிலயும் கோயிலும் பள்ளியும் சேர்ச்சும் ஒண்டாத்தான் சனத்தைத் தூக்கினது.

ஒரு சங்கதி சொல்றன். கிழக்கு ஆப்பிரிக்காவில சன்சிபார் பக்கம் பெம்பா தீவுக்குக் கிட்ட மிசாலி எண்டு ஒரு குட்டித்தீவு இருக்கு. அங்க மீனவர் டைனமைட் போட்டு மீன் பிடிச்சு, பவளப்பாறையெல்லாம் நொறுங்கிப்போச்சு. சட்டம் இருந்தும் நிக்கேல்லை. 1990-களின்ர கடைசியில, இலங்கையில பிறந்து பர்மிங்காமில சூழலியல் அமைப்பு ஒண்டை நடத்தின ஃபஸ்லுன் காலித்தின்ர ஆக்கள் போய், குர்ஆனில படைப்பைப் பற்றி என்ன சொல்லியிருக்கு எண்டு அந்த ஊர் மௌலவிமாரோடயும் மீனவரோடயும் இருந்து கதைச்சவை. சட்டத்துக்குப் பணியாத ஆக்கள் அதுக்குப் பணிஞ்சவை. அந்தக் கதை ஊருக்குள்ள இருந்து வந்தது, அவையின்ர சொல்லிலயே வந்தது. அதான் எடுபட்டது.

உங்கட பாதரிட்டயும் கேளுங்கோ. 2015-ல திருத்தந்தை பிரான்சிஸ் இந்த விஷயத்துக்கெண்டே ஒரு சுற்றுமடல் எழுதினவர். செப்டம்பர் 1-ல இருந்து அக்டோபர் 4 வரைக்கும் படைப்பின் காலம் எண்டு கோயில்களில கொண்டாடுகினம். அந்த மாதத்துக்குள்ள வேலையைத் தொடங்கினா மறையுரையிலயும் அது வரும்.

---

கீழத்தெரு:

எல்லாரும் மூணு மதம் மூணு மதம்னு பேசுறீங்க. நான் ஒண்ணு கேக்குறேன் அக்கா. உங்க குளத்துக்கு எத்தனை படித்துறை? அதுல காலனி ஜனங்க இறங்குற படித்துறை எது?

எங்க ஊர்லயும் குளம் தூர்வாரினாங்க. கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாப் பெரியவங்களும் சேர்ந்து போட்டோ எடுத்தாங்க. மண்ணு சுமந்தது எங்க தெரு. தண்ணி நிறைஞ்சப்புறம் எங்க அம்மா குடத்தை எடுத்துக்கிட்டுப் போனா, ‘அந்தப் பக்கம் போய் மொண்டுக்கோ’ன்னாங்க. அந்தப் பக்கம்னா மாடு குளிப்பாட்டுற பக்கம். நாங்க மாதா கோயிலுக்குத்தான் போறோம், அந்தக் கோயில்லயும் எங்களுக்குத் தனி வரிசை இருந்த காலம் உண்டு. மதத்தைச் சேர்க்கிறது சுலபம் அக்கா. தெருவைச் சேர்த்துக் காட்டுங்க.

---

உப்புக்காற்று:

உங்க பதிவைப் படிச்சுட்டு ரெண்டு நாள் என்ன எழுதுறதுன்னு தெரியலை. எங்க குளத்துக்கு மூணு படித்துறை. கிழக்குக் கரையில ஒண்ணும் கிடையாது, அங்கேதான் காலனி, எங்க ஊர்க் கீழத்தெரு. 14 வருஷமா அந்தக் கரையில நடக்குறேன், இது என் கண்ணுல படலை. கஜா சமயத்துல ஒரே அடுப்புன்னு பெருமையா எழுதினேன். யோசிச்சுப் பார்த்தா கீழத்தெரு ஜனங்க சோத்தை வாங்கிக்கிட்டு அவங்க ஸ்கூல் மரத்தடிக்குப் போய்த்தான் சாப்பிட்டாங்க. நான்தான் பாத்திரத்துல போட்டுக் குடுத்தேன்.

நீங்க எழுதினது நல்லது. அடுத்த கூட்டத்தை அங்கேயே போடுறேன்.

---

பனைவிதை:

டீச்சரா இருந்து ஓய்வு பெற்றவ நான். கரையைப் பத்தி ஒரு சின்ன யோசனைம்மா. கஜாவுல தென்னை சாய்ஞ்சுது, பனை நின்னுச்சு, அதை நீங்களே பார்த்திருப்பீங்க. ஆவணி, புரட்டாசியில பனம்பழம் விழும். விதையை அப்பவே பொறுக்கி, மழைக்கு முன்னால கரையில ஊன்றிடுங்க. 10 அடிக்கு ஒண்ணு போதும்.

எங்க பிள்ளைங்க ஒரு வருஷம் 400 விதை ஊன்றினாங்க. பொங்கலுக்குப் போய்ப் பார்த்தா கரை முழுக்கக் குழி. கிழங்கு விட்டிருந்துச்சு, ஊர்ப் பிள்ளைங்களே தோண்டி அவிச்சுத் தின்னுட்டாங்க! அடுத்த வருஷம் புத்தி வந்து, திங்கிறதுக்குன்னு தனியா ஒரு பாத்தி போட்டோம், கரையில ஊன்றினதைத் தொடக்கூடாதுன்னு பேசிக்கிட்டோம். தொடலை.

‘தென்னை வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வெச்சவன் பார்த்துட்டுச் சாவான்’னு பழமொழி. இதை வகுப்புல சொன்னப்போ ஒரு முஸ்லிம் பொண்ணு எழுந்து, ‘உலகம் அழியப்போற நேரத்துல உன் கையில ஒரு கன்று இருந்தா அதை நட்டுடுன்னு எங்க நபி சொல்லியிருக்காங்க டீச்சர்’னா. இன்னொரு பையன், ஆண்டவர் மனுஷனை ஏதேன் தோட்டத்துல வெச்சதே அதைப் பண்படுத்தவும் காக்கவும்தான்னு சண்டே கிளாஸ்ல படிச்சதைச் சொன்னான். இன்னொருத்தி, இறைவனுக்கு ஒரு பச்சிலை சாத்துறது எல்லாராலயும் முடியும்னு திருமூலர் பாட்டைச் சொன்னா. யாரும் யாரையும் மறுத்துப் பேசலை. நான் அன்னைக்குப் பாடமே நடத்தலை, பிள்ளைங்களை வெளியில கூட்டிக்கிட்டுப் போயிட்டேன்.

---

உப்புக்காற்று:

எல்லாருக்கும் சேர்த்து எழுதுறேன். ரெண்டு மாசமாச்சு.

நாலாவது கூட்டம் கீழத்தெரு வேப்பமரத்தடியில நடந்துச்சு. வருவாங்களான்னு வயித்தைக் கலக்குச்சு. ஹஜ்ரத் வந்தார், பாதரும் சிஸ்டரும் வந்தாங்க, அம்மன் கோயில் பூசாரி வந்தார். தர்மகர்த்தா வரலை, அவர் மகன் வந்து கடைசியில நின்னான். கிழக்குக் கரையில படித்துறை கட்டணும்னு கீழத்தெருப் பாட்டி ஒருத்தங்கதான் எழுந்து கேட்டாங்க. சத்தமே இல்லை. அப்புறம் பூசாரி, ‘கேக்குறது நியாயம்தானே’ன்னார். அவர் அப்படிச் சொல்வார்னு நான் நெனைக்கவே இல்லை.

கிராம சபைத் தீர்மானத்துல நாலு படித்துறைன்னே எழுதிட்டோம். பொதுப் பிரார்த்தனை வைக்கலை. மண்வெட்டி வைக்கிற அன்னைக்கு அவங்கவங்க காலையில அவங்கவங்க இடத்துல வேண்டிக்கிட்டு ஏழு மணிக்குக் கரைக்கு வந்துட்டாங்க. பூசாரி மட்டும் ஒரு எலுமிச்சம்பழம் வெச்சார், அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. சிவில் படிச்ச மண்வெட்டி தம்பி சொன்ன மாதிரி மீட்டர் வாங்கினோம். மூணாம் நாள் வடமேக்கு மூலையில எண் 610-ல இருந்து 1900-க்கு ஏறுச்சு. பொக்லைன்காரர் இன்னும் ஒரு அடி போலாம்னார். குழுப் பொண்ணுங்க குழிக்குள்ளயே நின்னுட்டோம். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். அந்த மூலையில வண்டல் களிமண்ணைப் போட்டு மிதிச்சு மூடினோம்.

பனைவிதை 260 ஊன்றியாச்சு. திங்கிறதுக்குத் தனிப் பாத்தியும் போட்டாச்சு டீச்சர்.

போன வாரம் மழை பெஞ்சுது. அளவுகல்லைப் படிக்கிறதுக்கு எட்டாவது படிக்கிற கீழத்தெருப் பொண்ணு ஒருத்தியைப் போட்டிருக்கோம். அவ அந்தந்த நாள் படிச்சு, ஒரு சீட்டுல எழுதி, அந்தந்த வாசல்ல குடுத்துட்டு வருவா. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் மைக்குல ‘3 அடி 2 அங்குலம்’னு சொன்னப்போ நான் வாசல்ல அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல 3 அடி 5. செவ்வாய்க்கிழமை எங்க கோயில்ல 4 அடி.

தர்மகர்த்தா இன்னும் பேசலை. கிழக்குப் படித்துறைக்கும் இன்னும் காசு சேரலை, தண்ணி ஏறுறதுக்குள்ள கட்டியும் முடிக்க முடியாது போல. இப்போதைக்குத் தென்னந்தடி போட்டு இறங்குறாங்க. சித்திரையில கட்டிடணும். அதுக்குத்தான் கேக்குறேன், உப்புக் காத்து அடிக்கிற இடத்துல கம்பி வெச்ச கான்கிரீட் ரெண்டு வருஷத்துல வெடிச்சுப்போகுது. படித்துறைக்குக் கருங்கல் அடுக்குனா தாங்குமா, இல்லை வேற வழி இருக்கா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.